மேற்குச் சுவருக்கு அனுமதி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு காலை, மாடக்கண்ணு பேரருவிக்குக் கிளம்பி எண்ணெய்க் குப்பிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் வீட்டு மேற்குச் சுவர் அதிகச் சத்தமில்லாமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. மண் சுவர். மூன்று வாரமாக விடாத சாரலில் ஊறிப்போயிருந்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு மற்ற மூன்று சுவர்களும் ஒப்புக்குத்தான். காற்றும் சாரலும் மேற்கே செங்கோட்டைக் கணவாயிலிருந்து வருகின்றன. மேற்குச் சுவர் இல்லாத வீட்டில் இருப்பவர் அருவிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, கட்டிலில் இருந்தபடியே குளிக்கலாம். வெளியூர்க்காரர்கள் ரயிலேறி வந்து இந்தக் காற்றைக் குடித்துவிட்டு அமிர்தம் என்று சொல்லிப் போவார்கள். மாடக்கண்ணுவின் மனைவி ஆவுடைத்தாய்க்கு இளைப்பு நோய். அவளுக்கு அந்த அமிர்தம் ஒத்துக்கொள்ளவில்லை.

மாடக்கண்ணுவுக்கு அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழில். சீசன் மூன்று மாதம் பெரிய மனிதர்களின் முதுகு. மிச்ச ஒன்பது மாதம் யார் கூப்பிட்டாலும் மண்வெட்டி. மழை வெறித்த ஒரு நாள் பார்த்து அவர் மண் குழைத்துச் சுவர் எழுப்ப ஆரம்பித்தார். முழங்கால் உயரம் வந்திருக்கும். தென்காசித் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா குற்றாலிங்கம் சைக்கிளில் போனவர், ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

“என்னவே செய்யுதீரு?”

“செவரு வைக்கேன். விழுந்துட்டு.”

“அனுமதி வாங்கியாச்சா?”

“விழுந்தப்ப யாரும் கேக்கலியே.”

“விழுறதுக்கு அனுமதி வேண்டாம்வே. எழும்புறதுக்குத்தான் வேணும்.” குற்றாலிங்கம் கெட்ட மனிதர் அல்ல. சைக்கிளை விட்டு இறங்கி, பொறுமையாக எடுத்துச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தென்காசி–குற்றாலம் வட்டாரத்துக்கு நிலப்பயன் திட்டம் என்று ஒன்று போட்டாகிவிட்டது. அதில் குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை, தண்ணீருக்கு நீலம். மாடக்கண்ணுவின் பதினொரு சென்ட் பச்சையில் விழுந்திருக்கிறது. பச்சையில் வீடு கிடையாது. இல்லாத வீட்டுக்கு மேற்குச் சுவர் எப்படி இருக்க முடியும்?

வீடு மாடக்கண்ணுவின் அப்பா காலத்தது. அதை அவர் குற்றாலிங்கத்துக்குக் காட்டினார். குற்றாலிங்கம் எட்டிப் பார்த்துவிட்டு, வீடு இருப்பது தனக்குத் தெரியும் என்றும், திட்டத்துக்குத்தான் தெரியாது என்றும், மனு எழுதிக் கொடுக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆபீசுக்கு எதிரே டைப் மெஷினோடு உட்கார்ந்திருப்பவர் துல்கர்னைன். தென்காசித் தாலுகாவில் அவர் அடித்துக் கொடுக்காத மனு ஒன்றுதான், அது அவர் கல்யாணப் பத்திரிகை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். சுவர் விழுந்த கதையை அவர் ஒன்றரைப் பக்கத்தில் உருக்கமாக எழுதினார். மாடக்கண்ணுவுக்குக் கையெழுத்து வராது. பெருவிரலை மையில் அழுத்தினால், இருபது வருஷத்து எண்ணெய் ஊறிய விரலில் மை ஒட்டவில்லை. தாளில் மஞ்சளாக ஒரு வட்டம்தான் விழுந்தது. அப்படியே கொடுத்தார்கள். நாலாவது மாதம் மனு திரும்பி வந்தது. ‘எண்ணெய்க் கறை படிந்த மனுக்கள் பரிசீலிக்கப்படமாட்டா’ என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அதை எழுதியவர் எண்ணெய் மனு பற்றிய விதி எங்கே இருக்கிறது என்பதையும் குறித்திருந்தார். அப்படியும் ஒரு விதி இருந்தது.

இரண்டாவது மனுவுக்கு ஆவுடைத்தாய் சீயக்காய் போட்டு மூன்று தடவை அவர் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். அப்போது ஓலைத் தட்டிதான் மேற்குச் சுவர். கழுவி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. ரேகை சுத்தமாக விழுந்தது. பதிலும் சுத்தமாக வந்தது: மேற்படி நிலப்பயன் திட்டம் தற்போது திருத்தப்பட இருப்பதால், திருத்தம் முடியும்வரை எந்தக் கட்டுமானமும் அனுமதிப்பதற்கில்லை.

விஷயம் இதுதான். ஓய்வு பெற்ற உயர் அதிகாரிகள் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஆயுசின் மிச்சத்தைக் குற்றாலச் சாரலில் கழிக்க அவர்களுக்கு ஆசை. பச்சையில் அறுபது ஏக்கரை மஞ்சளாக்கிக் கொடுத்தால் ‘நிம்மதிபுரம்’ என்று ஒரு குடியிருப்புக் கட்டிக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் ஓய்வு பெற்றவர்கள். படித்தவர்கள் ஓய்வு பெறப் போகிறவர்கள். ஆகையால் திருத்தக் குழு ஒன்று உடனே போடப்பட்டது.

மாடக்கண்ணுவுக்கு இதில் சந்தோஷம்தான். பச்சை மஞ்சளானால் தன் பதினொரு சென்ட்டும் மஞ்சளாகிவிடும், சுவர் வைத்துக்கொள்ளலாம். குற்றாலிங்கமும் அதையே சொன்னார். வேண்டுமானால் மாடியே எடுக்கலாம் என்றார். மாடக்கண்ணு மாடி கேட்கவில்லை.

நிலத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கத் திருத்தக் குழு ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் வந்தது. நிலம் பார்க்க ஏற்ற மாதம் அதுதான் என்று குழுவில் ஏழு பேருக்கும் ஒரே அபிப்பிராயம். குடும்பத்தோடு வந்து பதினாலு நாள் தங்கினார்கள். காலையில் பேரருவி, மாலையில் ஐந்தருவி. நிலத்தையும் பார்த்தார்கள். ஐந்தருவிக்குப் போகும்போது காரின் இடது பக்கக் கண்ணாடி வழியாக அது தெரிந்தது.

குழுவின் தலைவர் வீரபாகு, சென்னையில் துணை இயக்குநர். பூர்வீகம் இந்தப் பக்கம்தான். முதல் நாளே மாடக்கண்ணு எண்ணெய் தேய்க்கிற அருவிக்கரைக் கல்லில் குப்புறப் படுத்துவிட்டார். கோட்டு போட்ட வீரபாகு அச்சடித்த மாதிரிப் பேசுவார். எண்ணெய் பட்ட வீரபாகுவுக்குப் பிறந்த ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும். பன்னிரண்டாம் நாள், பிடரியில் இருந்த ஒரு முடிச்சை மாடக்கண்ணு எடுத்துவிட்டபோது அவர் ரொம்ப இளகிப்போனார். அந்த நேரம் பார்த்து மாடக்கண்ணு சுவர் விஷயத்தைச் சொன்னார். திட்டத்தில் தன் வீடு இல்லையாம், கொஞ்சம் போட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்.

“அதுக்கென்னடே, போட்டுருவோம்” என்று வீரபாகு படுத்தபடியே ஆளை அனுப்பி, வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னார். மெல்லிய வரைதாளில் போட்ட படம். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். “எங்கன இருக்கு ஒன் வீடு? காட்டு பாப்போம்.”

மாடக்கண்ணு வரைபடம் பார்த்தவர் இல்லை. ஆனாலும் ரோட்டைக் கண்டுபிடித்தார், ரோட்டிலிருந்து வாய்க்காலைக் கண்டுபிடித்தார், வாய்க்காலின் வளைவில் தன் வீடு இருக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்தார். இவ்வளவு பெரிய மனிதர் தன் வீட்டைப் பார்க்கிறாரே என்ற நெகிழ்ச்சியில், தெளிவாகத் தெரியட்டும் என்று, பெருவிரலை அங்கே வைத்து நன்றாக அழுத்தினார். சற்று நேரம் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தார்.

படம் சென்னைக்குப் போனது. மறு வருஷம் சீசனில் காற்று ஓலைத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து வயலில் போட்டது. ஆவுடைத்தாய் ஒன்பது நாள் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு விட்டாள். பத்தாம் நாள் இலத்தூரிலிருந்து அவள் தம்பி வந்து கூட்டிப்போனான். அவள் சண்டை ஒன்றும் போடவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கம்பி வழியாக, “செவரு வச்ச பெறவு சொல்லி அனுப்புங்க. வாரேன்” என்றாள்.

அறுபதாம் வருஷம் வரைபடம் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. குற்றாலிங்கம் மேஜையில் அதை விரித்துக் காட்டினார். அறுபது ஏக்கரும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. நடுவில், வாய்க்கால் வளைவில், முட்டை வடிவத்தில் ஒரு நீலம்.

“இது என்ன?” என்றார் மாடக்கண்ணு.

“கொளம்” என்றார் குற்றாலிங்கம்.

எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி போல் ஆகியிருந்தது. சென்னையில் படம் வரைகிறவர் இதற்கு முன் குற்றாலத்தைப் பார்த்தவர் இல்லை. தண்ணீருக்குப் பேர்போன ஊர் என்று கேள்விப்பட்டிருந்தார். பளபளப்பாக ஒரு வட்டம் இருக்கிறது, அதற்குள் வளைவு வளைவாக ரேகைகள் இருக்கின்றன. குளமும் அதன் நீர்மட்டக் கோடுகளும் என்று எடுத்துக்கொண்டு, கோட்டுக்குக் கோடு பிசகாமல் அழகாக நகல் எடுத்து நீலம் தீட்டிவிட்டார். வேலையில் குறை சொல்ல முடியாது. மாடக்கண்ணுவின் பெருவிரலில் பழைய அரிவாள் வெட்டு ஒன்று உண்டு. அது குளத்தின் குறுக்கே மதகு என்று குறிக்கப்பட்டிருந்தது.

குளம் வந்ததும் நிம்மதிபுரத்தின் மவுசு கூடிவிட்டது. குளம் பார்த்த மனைகளுக்கு நூறு விண்ணப்பம் வந்தது. கோப்பில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும், போட்ட கையோடு ஒரு மனைக்கும் எழுதிப் போட்டார். அறுபது ஏக்கர் போதாமல் நூற்றிருபது ஆயிற்று. சட்டப்படி பொதுமக்கள் ஆட்சேபணை கேட்க வேண்டும் அல்லவா? அதற்கான அறிவிப்பை, ஜனங்கள் அதிகம் கூடுகிற இடத்தில்தான் ஒட்ட வேண்டும் என்று இருந்ததால், சீசன் உச்சத்தில் பேரருவிக்குப் பக்கத்து மண்டபத் தூணில் ஒட்டினார்கள். அது அன்று சாயங்காலம்வரை இருந்தது. முப்பது நாள் கழித்து, ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்றும் மக்கள் பெருத்த ஆதரவு தெரிவித்திருக்கிறார்கள் என்றும் பதிவாயிற்று.

மாடக்கண்ணுவுக்கு மட்டும் தனியாக ஒரு தாள் வந்தது. துல்கர்னைன் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நீர்நிலைக்குள் சட்டவிரோதமாக வீடு கட்டிக் குடியிருப்பதாகவும், முப்பது நாளுக்குள் காரணம் காட்ட வேண்டும் என்றும் அதில் இருந்தது.

“கொளத்துக்குள்ள வீடு கட்டியிருக்கீராம். எப்பவே கட்டுனீரு?” என்றார் துல்கர்னைன்.

“எங்க அப்பா கட்டுனது.”

“அப்ப கொளம்?”

மாடக்கண்ணு தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டார்.

அறுபத்தோராம் வருஷம் விசாரணை நடந்தது. அதுவும் ஆனி மாதம்தான். பயணியர் விடுதி முன்ஹாலில் ஏழு பேரும் நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஏழில் மூவர் புதியவர்கள். பழைய மூவர் ஓய்வு பெற்று, மனை கேட்பவர்கள் வரிசையில் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அன்று காலையில்தான் வீரபாகுவின் முதுகில் மாடக்கண்ணு கால்படி எண்ணெய் இறக்கியிருந்தார். இப்போது கோட்டுக்குள் இருந்த வீரபாகு, “மனுதாரர் யார்?” என்று கேட்டார்.

மாடக்கண்ணு எழுந்து நின்றார். துல்கர்னைன் எழுதிக்கொடுத்ததெல்லாம் மறந்துபோயிற்று. அங்கே குளம் இல்லை, ஒரு தடவை வந்து பார்த்தால் தெரியும், ஐந்தருவிக்குப் போகிற வழிதான் என்று மட்டும் சொன்னார். வீரபாகு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகப் பேசினார்:

“மனுதாரர் எங்களை வந்து பார்க்கச் சொல்கிறார். பலரும் செய்கிற தவறு இது. நிலத்தைப் பார்த்து நிலப்பயன் திட்டம் போடுவதில்லை. பார்க்கப் போனால் அங்கே வீடு இருக்கும், அதில் மனிதர்கள் இருப்பார்கள், குழந்தை அழும், மனம் இளகும். இளகிய மனத்தோடு எந்த நாட்டிலும் நிர்வாகம் நடந்ததில்லை. முப்பது வருஷமாக நான் எந்த நிலத்தையும் பார்த்ததில்லை. அதனால்தான் என் தீர்ப்புகளில் பாரபட்சம் இருந்ததில்லை. மேலும் இது யாருக்காகச் செய்யப்படுகிறது? ஆயுள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து நாட்டுக்கு உழைத்தவர்களுக்காக. உட்கார்ந்திருப்பதன் களைப்பு உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். மனுதாரரைக் கேட்கிறேன், நீர் எதிலிருந்தாவது ஓய்வு பெற்றிருக்கிறீரா?”

மாடக்கண்ணு இல்லை என்றார்.

“பெறும் உத்தேசம் உண்டா?”

அதைப் பற்றி யோசித்ததில்லை என்றார். அதுவும் எழுதிக்கொள்ளப்பட்டது.

பிறகு குழுவில் புதிதாக வந்த ஒருவர், ரேகை சாஸ்திரத்தில் பழக்கம் உள்ளவர் போலிருக்கிறது, சீயக்காய் போட்டுக் கழுவிய கையால் ரேகை வைத்த பழைய மனுவை எடுத்து வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடி வந்தது. ஏழு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். மாடக்கண்ணுவுக்கு அந்த ஒரு நிமிஷம் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உண்மை தெரிந்துவிட்டது, குளம் குளமல்ல, தன் விரல்தான் என்று தெரிந்துவிட்டது. இனிச் சுவர்தான்.

வீரபாகு தொண்டையைச் செருமிக்கொண்டார். குளத்தின் நீர்மட்டக் கோடுகள் மனுதாரரின் இடது பெருவிரல் ரேகையோடு முற்றிலும் ஒத்துப்போவதைக் குழு கவனித்ததாகவும், எனவே மேற்படி குளத்தை மனுதாரரே நேரில் வந்து, சுயநினைவோடு, ரேகை வைத்து ஒப்புக்கொண்டிருப்பது நிரூபணமாகிவிட்டதாகவும், இனி அவர் மறுக்க முடியாது என்றும் சொன்னார்.

“அது எண்ணெய்ங்க” என்றார் மாடக்கண்ணு.

“மையால்தான் ரேகை வைக்க வேண்டும் என்று விதியில் இல்லை” என்றார் வீரபாகு.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல் வந்து கல்லில் குப்புறப் படுத்தார். மாடக்கண்ணு வழக்கம்போல் தேய்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. கைகள் அவை பாட்டுக்கு வேலை செய்தன. “நேத்து ஒருத்தன் வந்தாம்டே, கொளத்த இல்லங்கான்” என்றார் வீரபாகு. முதுகு காட்டிப் படுத்திருப்பவர் யாரைப் பார்க்க முடியும்? மாடக்கண்ணு, “அப்படியா சாமி” என்றார்.

மஞ்சள் நிறைவேறியது. கடைசியில் ஒரே ஒரு குறை மிஞ்சியது. வரைபடத்தில் குளம் இருக்கிறது, நிலத்தில் இல்லை. நிலம் வரைபடத்தோடு ஒத்துவரவில்லை என்று தணிக்கையில் கேள்வி வந்தது. வரைபடத்தைத் திருத்துவதென்றால் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வேண்டும். குழு, ஆய்வு, தூணில் அறிவிப்பு, விசாரணை எல்லாம் முதலிலிருந்து நடக்க வேண்டும். அதற்குள் பாதிப் பேர் நிம்மதிபுரத்துக்குப் போகாமலே நிரந்தர நிம்மதிக்குப் போய்விடுவார்கள். நிலத்தைத் திருத்துவது சுலபம் என்று முடிவாயிற்று.

அறுபத்துமூன்றாம் வருஷம் பங்குனியில் குளம் வெட்டினார்கள். பங்குனியில் அருவியில் தண்ணீர் இருக்காது, முதுகுகளும் இருக்காது. கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மாடக்கண்ணு மண்வெட்டியோடு போய் வரிசையில் நின்றார். மேஸ்திரி கயிறு பிடித்துக் காட்டிய இடம் அவர் வீட்டு அடுக்களை. கூரையையும் மூன்று சுவரையும் முதல் நாளே இறக்கிவிட்டிருந்தார்கள். அடுப்பு இருந்த இடத்தில் மண் இன்னும் கறுப்பாக இருந்தது. அதை அவர் ஒரே சீராக வெட்டி எடுத்தார். அவ்வளவு நேராக வெட்டுகிறவர் வேறு யாரும் இல்லை என்று மேஸ்திரி மெச்சினார்.

அதன் பிறகு அருவிக்கரையில் எண்ணெய்க் குப்பிகள் வைக்கிற கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். மாதம் ஒரு தடவை இலத்தூருக்குப் போவார். “செவரு என்னாச்சு?” என்று ஆவுடைத்தாய் கேட்பாள். எழுதிக் கொடுத்திருக்கிறது என்பார். வீடு போனதைச் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்ததில்லை. அவள் கேட்டது சுவரைப் பற்றித்தான்.

நிம்மதிபுரத்துக்குப் பெரியவர்கள் குடிவந்தார்கள். மனை எண் ஒன்று, ஓய்வு பெற்ற துணை இயக்குநர் வீரபாகுவுடையது. வாய்க்காலிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் பிரிகிற கிளை வரைபடத்தில் இல்லாததால் நிலத்திலும் வெட்டவில்லை. சீசனில் சாரல் மட்டும் கணுக்கால் அளவு தேங்கும். ஆனாலும் சாயங்காலம் எல்லோரும் கரையில் வந்து உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். முதல் ஆனியிலேயே ஒரு கஷ்டம் தெரிந்தது. மேற்கேயிருந்து வருகிற காற்று நேரே நெஞ்சில் அடிக்கிறது. நாலைந்து பேருக்கு இளைப்பு கண்டுவிட்டது. சங்கம் கூடி, குளத்தின் மேற்குக் கரையில் ஆள் உயரத்துக்கு ஒரு கல் சுவர் வேண்டும் என்று திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தது. வியாழக்கிழமை அனுமதி வந்தது. குற்றாலிங்கமே கொண்டுவந்து கொடுத்தார்.

சுவர் முடிந்த அன்று வீரபாகு தன் வீட்டு முற்றத்தில் மாடக்கண்ணுவை வரவழைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டார். “என்ன கதகதப்பா இருக்கு பாத்தியா? இத மொதல்லயே வச்சிருக்கணும்டே” என்றார். மாடக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். வாய்க்கால் வளைவிலிருந்து பன்னிரண்டு அடி, மிஞ்சியிருந்த பழைய கிணற்றுக் கல்லிலிருந்து எட்டு அடி. அவர் வீட்டு மேற்குச் சுவர் நின்ற அதே வரிசையில், ஒரு சாண் கூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லாமல், கல்லும் சுண்ணாம்புமாகச் சுவர் நின்றுகொண்டிருந்தது. வேலையை முடித்துவிட்டு ரோட்டுக்கு வந்து, செங்கோட்டை பஸ் கண்டக்டரிடம், சுவர் வைத்தாகிவிட்டது என்று இலத்தூரில் சொல்லும்படி சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆவுடைத்தாய் ஒரு துணி மூட்டையோடு வந்து இறங்கினாள். ஆறு வருஷத்தில் பாதியாகிப் போயிருந்தாள். சாரல் போட்டுக்கொண்டிருந்தது. பெரியவர்கள் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம், கரையில் ஒருவரும் இல்லை. மாடக்கண்ணு அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். அவள் கையால் தடவிப் பார்த்தாள். அதன் அடியில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டாள். காற்று தலைக்கு மேலே போயிற்று. அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

எதிரே கணுக்கால் தண்ணீரில் சாரல் விழுவதை இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“செவரு நல்லாத்தான் இருக்கு” என்றாள் ஆவுடைத்தாய். “வீடு எங்க?”

மாடக்கண்ணு எல்லாவற்றையும் சொன்னார். பிடரி முடிச்சு, வரைதாள், பெருவிரல், பூதக்கண்ணாடி, அடுப்படி மண், எதையும் விடாமல் சொன்னார். சொல்லும்போது வேறு யாருக்கோ நடந்த மாதிரித்தான் அவருக்கு இருந்தது.

“செவருக்குத்தான் அனுமதி ஆயிருக்கு” என்று முடித்தார். “வீட்டுக்கு இனிமேதான் எழுதிக் குடுக்கணும்.”

அவள் அழவில்லை. மூட்டையை அவிழ்த்து, அடியிலிருந்து ஒரு சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இந்தத் தடவையாது கையக் கழுவிட்டுப் போங்க” என்றாள்.